பயிற்சி வீட்டுச் சறுக்குமரம்

புது சாஃப்ட்வேருக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த அன்று நான் கீழே விழுந்தேன். நாற்காலியிலிருந்து இல்லை. திரையில் நானே எழுப்பிய வீட்டுக்குள் வாசல் வழியாக நுழைந்தேன். நுழைந்த மாத்திரத்தில் சுவர்கள் மேலே போக ஆரம்பித்தன. ஜன்னல்கள் மேலே போயின. அப்புறம் வீடே தலைக்கு மேல் ஒரு தீப்பெட்டி மாதிரிச் சிறுத்துப் போக, நான் வெறும் நீலத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலை சுற்றியது. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து மேஜை டிராஃப்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, சொவுரு கீது, ஜன்னல் கீது, மேல ஓடு கூட கீது. தரைய போட்டியா?”

தரை போடவில்லை. இத்தனை வருஷம் வீடு வரைந்தவளுக்குத் தரை என்று ஒன்று தனியாகப் போட வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. தாளில் தரை தானாகவே இருக்கும். சுவர் என்றால் இரண்டு கோடு, கதவு என்றால் கால் வட்டம், அவ்வளவுதான். நான் விழுந்ததைப் பார்த்து அவர் சிரிக்க, அவர் சிரிப்பைப் பார்த்து நான் சிரிக்க, உள்ளறையிலிருந்து முதலாளி வந்து “என்ன ஆச்சு, யார் விழுந்தா?” என்று கேட்டபோது எங்கள் இருவருக்கும் பதில் சொல்ல மூச்சு இல்லை.

எங்களுடையது தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால், மாடியில் இருக்கிற வீட்டு வடிவமைப்பு நிறுவனம். நிறுவனம் என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். நாங்கள் மூன்று பேர். முதலாளி மயிலாப்பூர்க்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் பாடுவார்கள், இல்லையென்றால் ஏதாவது வாசிப்பார்கள். இவர் ஒருவர்தான் தப்பி வந்து வீடு கட்டக் கிளம்பினார். டிராஃப்ட்ஸ்மேன் ராயப்பேட்டைக்காரர். என்னைவிட மூத்தவர், இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது ஆள் நான். அடையாரில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் மூச்சை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டிய சமையலறை உள்ள ஃப்ளாட்டில் குடியிருந்துகொண்டு, அடுத்தவர்களுக்கு விசாலமான சமையலறை வரைந்து கொடுப்பது என் தொழில்.

மாற வேண்டும் என்று முடிவு செய்தது முதலாளிதான். வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பிளான் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சுவர் எழுந்த பிறகு வந்து, “இங்க சுவர் வரும்னு நீங்க சொல்லவே இல்லையே” என்பார்கள். புது சாஃப்ட்வேரில் சுவர் என்று சொன்னால் சுவரே எழும்பும். ஜன்னலை நகர்த்தினால் வெயில் நகரும். வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். ஒரு இணையச் சுட்டியை அனுப்பினால் வாடிக்கையாளர் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, இன்னும் கட்டாத வீட்டைச் சுற்றி வரலாம்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. டிராஃப்ட்ஸ்மேன்தான் பயப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ முதல் நாளே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொல்லிக்கொடுக்கப் பெருங்குடி சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேகமாகப் பேசுவாள். அவள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். “கஸ்டமர் வீட்ட வச்சுக் கத்துக்காதீங்க. பயம் வந்துடும். உங்களுக்குன்னு ஒரு வீடு கட்டுங்க. மனை கிடையாது, பட்ஜெட் கிடையாது, வாஸ்து கிடையாது. என்ன வேணா பண்ணுங்க. தப்பு பண்ணா பண்ணிக்கோங்க.”

சென்னையில் வீடு வரைகிறவர்களிடம் இப்படி ஒருவர் சொல்லக் கூடாது. எங்கள் வாழ்க்கையே பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும், ஈசானிய மூலையில் கழிப்பறை வரலாமா என்பதில்தான் போய்க்கொண்டிருந்தது. என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றதும் எங்களுக்குப் போதை ஏறிவிட்டது.

முதலில் நான் சமையலறையைக் கட்டினேன். மூன்று பக்கமும் ஜன்னல், எல்லா ஜன்னலிலும் கடல். ஒரு கையில் கரண்டியோடு சுற்றி ஆடினாலும் எதிலும் இடிக்காது. பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு எதிரில் சுவரே வைக்கவில்லை. அங்கே நின்று, வெயிலைக் காலை ஆறு மணிக்குத் திருப்பினேன். அடுப்பு மேடை முழுக்கப் பொன் நிறம். மாலைக்குத் திருப்பினேன். ஒரு மத்தியானத்தில் நான் பல தடவை சூரியனை உதிக்க வைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்துவிட்டேன்.

டிராஃப்ட்ஸ்மேன் ஹாலை எடுத்துக்கொண்டார். அதன் நடுவில் தென்னை மரம் வைத்தார். அது கூரையைத் துளைத்துக்கொண்டு போக, கூரையில் அதற்கென்று ஒரு ஓட்டை போட்டார். சாஃப்ட்வேரில் கிடைத்த மனித பொம்மைகள் எல்லாம் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவரைத் தென்னைக்கு அடியில் நிறுத்தி, “இவுரு தேங்கா வுழுமான்னு வெய்ட் பண்ணிக்கினு கீறாரு” என்றார்.

மாடிக்குப் போகப் படி போட்டதும் யோசனையாக இருந்தார்.

“ஏறுறதுக்குப் படி சரி. எறங்குறதுக்கும் இன்னாத்துக்குக்கா படி? எங்க வூட்ல அந்த இருட்டுப் படியில எறங்கி எறங்கி முட்டி போச்சு. சறுக்கிக்கினு வந்தா சோக்கா இருக்கும்ல?”

அப்படித்தான் சறுக்குமரம் வந்தது. மாடிப் படுக்கையறை வாசலிலிருந்து புறப்பட்டு, தென்னையைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து, நேராக என் சமையலறை வாசலில் வந்து முடிந்தது. சிவப்பு நிறம். நாங்கள் மாற்றி மாற்றி அதில் இறங்கினோம். விரலை எடுக்காமல் அழுத்தினால் வயிற்றில் நிஜமாகவே ஒரு சில்லிப்பு.

முதலாளி அந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாடியில் ஒரு குளியலறை முளைத்திருந்தது. கல்யாண மண்டபம் அளவு. நான்கு பக்கமும் கருங்கல்.

“ஏன் சார் இவ்ளோ பெருசு?”

“எக்கோ வரணும்மா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்காத்துல நான் வாயத் தெறந்தா எல்லாரும் தம்புராவ நிறுத்திடுவா. குளிக்கறச்ச பாடினாக்கூட கதவத் தட்டுவா. இங்க யாரு தட்டப்போறா?”

அந்த வாரம் பூராவும் இப்படித்தான் போனது. காலையில் வந்து செருப்பைக் கழற்றியதும் மூன்று பேரும் ஒரே திரைக்கு ஓடுவோம். சின்ன வயசில்கூட நான் இப்படி விளையாடியதாக நினைவில்லை.

வாரக் கடைசியில்தான் நிஜ வேலைக்கு வந்தோம். புது சாஃப்ட்வேரில் முதலில் செய்ய வேண்டியிருந்தது ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு சகோதரிகளின் வீடு. சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்த பழைய கத்தோலிக்கக் குடும்பம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூத்தவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணி எண்ணிப் பேசுவார். இளையவர் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், கோயில் பாடகர் குழுவில் இன்னமும் பாடுகிறவர். அப்பா கட்டிய வீட்டைக் கரையான் தின்றுவிட்டதால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பல மாதங்களாக நான் அவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் ஒவ்வொரு தடவையும் எதையாவது குறைப்பார்.

“இவ்ளோ பெரிய ஜன்னல் எதுக்கு? சின்னதே போதும். நாங்க ரெண்டு பேரு, இன்னும் எத்தன நாளைக்கு?”

குறைத்துக் குறைத்துக் கடைசியில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் ஒரு படி என்று ஆகிவிட்டது. இளையவர் பிளானைப் பார்க்கவே மாட்டார். “எனக்கு இது பல்லாங்குழி மாதிரி இருக்குமா. அக்கா பாத்தா சரி” என்று காபி போட எழுந்து போய்விடுவார். அந்த வீட்டை நான் புது சாஃப்ட்வேரில் கட்டி உள்ளே நடந்து பார்த்தேன். இந்தத் தடவை தரை போட்டிருந்தேன். வீட்டில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு டிஸ்பென்சரியில் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

வாடிக்கையாளருக்கு முதல் சுட்டியைத் தானே அனுப்ப வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். ராகுகாலம் கழியக் காத்திருந்தார். கபாலி கோயில் குங்குமத்தை மானிட்டருக்கு வைத்தார். கீபோர்டுக்குச் சந்தனம். ஊதுபத்தியை மின்விசிறி அணைத்துவிடுகிறது என்று விசிறியை நிறுத்தச் சொன்னார். மூன்று பேரும் வேர்த்து வழிய நிற்க, கண்ணை மூடி ஒரு ஸ்லோகம் சொல்லி, கண்ணைத் திறக்காமலே பொத்தானை அழுத்தினார். டிராஃப்ட்ஸ்மேன் கை தட்டினார். வாழைப்பழம் சாப்பிட்டோம்.

மத்தியானம் என் போன் அடித்தது. மூத்தவர்.

“நீங்க அனுப்பிச்சது வந்துதும்மா. பாத்தோம். ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க மேடம்.”

“அந்தச் சறுக்குமரத்துல கைப்பிடி எந்தப் பக்கம் வருது?”

எனக்கு மறுபடி தரையில்லாமல் போயிற்று. டிராஃப்ட்ஸ்மேனைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக முதலாளியின் திரைப் பக்கம் திரும்பினார். அனுப்பிய கோப்பு எங்கள் வீடு. தென்னை மரம், கோட்டு போட்ட ஆள், கல்யாண மண்டபக் குளியலறை எல்லாம் ராஜா அண்ணாமலைபுரம் போய்ச் சேர்ந்திருந்தது.

“மேடம், நேர்ல வந்து சொல்றேன்” என்று போனை வைத்தேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பேங்க்ல இருந்தவா. கேலி பண்றோம்னு நெனச்சுண்டிருப்பா. நான் போனா அழுதுடுவேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கோ.”

டிராஃப்ட்ஸ்மேனின் ஸ்கூட்டரில் போனோம். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தெருக்களைச் சுற்றிச் சுற்றி விட்டிருந்தார்கள். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் முன்னாலிருந்து, “அந்த வெள்ளக்காரன மட்டுமாச்சும் எடுத்துட்டு அனுப்பியிருக்கலாம்க்கா” என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பு. அவர் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தேன். ஸ்கூட்டர் ஆடியது.

வாசல் கதவு திறந்தே இருந்தது. ஹாலில் டிவியில் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது. போனை டிவியோடு இணைத்திருந்தார்கள். இளையவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போனைத் தேய்த்துத் தேய்த்து என் சமையலறையில் நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “வாங்க வாங்க, இப்பதான் சாயங்காலம் ஆக்கினேன், பாருங்க கடல” என்றார். சூரியனைத் திருப்ப அவராகவே கற்றுக்கொண்டிருந்தார்.

மூத்தவர் கேக்கும் டீயும் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

“மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. காலைல வந்தது உங்க வீடு இல்ல. நாங்க கத்துக்கறதுக்காக விளையாட்டுக்குக் கட்டினது. மாத்தி அனுப்பிட்டோம். மன்னிச்சிடுங்க. உங்க வீடு தனியா ரெடியா இருக்கு.”

இளையவரின் விரல் போனில் அப்படியே நின்றது. டிவியில் கடல் பாதி இருட்டில் நின்றது. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப இது வேற யாருக்கோ கட்டப்போற வீடா?”

“இல்ல மேடம். இது யாருக்கும் இல்ல.”

“யாருக்குமே இல்லியா?”

“இல்ல.”

“அப்ப நாங்க எடுத்துக்கறோம்.”

டிராஃப்ட்ஸ்மேனுக்கு டீ புரையேறிவிட்டது. இளையவர் எழுந்து அவர் தலையில் தட்டினார். தட்டிக்கொண்டே என்னிடம், “அக்கா காலைலேர்ந்து அதுலயே எறங்கிட்டிருக்காம்மா. என் கையில போனே தரல. இப்பதான் குடுத்தா” என்றார்.

மூத்தவர் அதை மறுக்கவில்லை. “தென்ன மரம் வேணாம். குப்ப விழும்” என்றார். “கடலும் வராது, தெரியும். எதிர்ல ஃப்ளாட் இருக்கு. அந்தக் குளிக்கற ரூம்ல நாலு குடும்பம் இருக்கலாம், அதுவும் வேணாம். ஆனா ஜன்னல் பெருசா வைங்க. சமையல் ரூம்ல ரெண்டு பேரும் நிக்கணும், இடிக்காம. சறுக்குமரம் வேணும்.” கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “எது இருந்தா போதும்னுதான் இத்தன நாள் உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். எது வேணும்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது.”

நானும் டிராஃப்ட்ஸ்மேனும் நேராக அலுவலகம் திரும்பினோம். அலுவலகப் படியேறி, முதலாளியின் முன் நின்று, விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். “சறுக்குமரத்துக்கு என்ன சரிவு குடுக்கறது?” என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் சொன்னது. நீளம், அகலம், எவ்வளவு சிமென்ட், எந்த மாதத்தில் எந்தப் படியில் வெயில் விழும், எல்லாம். இந்தச் சரிவில் ஒரு பெண்மணி காட்டன் புடவையோடு உட்கார்ந்தால் வழுக்குவாரா என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. பெருங்குடிப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். “அந்த ஆப்ஷன் இல்லீங்க” என்றாள். நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி என்று முடிவாயிற்று.

விடிந்தும் விடியாத வேளையில் தி.நகரில் ஒரு பூங்காவில் கூடினோம். நாங்கள் மூவர், சகோதரிகள் இருவர். முதலாளி அளவு நாடாவோடு வந்திருந்தார். அங்கே குழந்தைகளுக்கான சறுக்குமரம், சிமென்டில் கட்டி மொசைக் இழைத்தது, பல தலைமுறைக் கால்சட்டைகள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. மூத்தவர் செருப்பைக் கழற்றிப் பக்கவாட்டில் ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினார். அவர் பாதி ஏணியில் இருந்தபோதே காவலாளி வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது. பெரியவங்க ஏறக் கூடாது. போர்டு பாக்கல?”

மூத்தவர் திரும்பி, வங்கிக் கவுன்ட்டருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். “நாங்க ஏற வரலப்பா. எறங்க வந்திருக்கோம்.”

காவலாளி அதை யோசித்துப் பார்ப்பதற்குள் அவர் உச்சிக்குப் போய், புடவையைச் சரிசெய்து, உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச தூரம் வந்தார். நின்றுவிட்டார். காட்டன் பிடித்துக்கொண்டது. நடுவழியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி குறித்துக்கொண்டார். பிறகு இளையவர் சிந்தெடிக் புடவையில் வந்தார், சரியாக வந்தார், கீழே மணலில் நின்று “தோத்திரம் ஆண்டவரே” என்று சொல்லிவிட்டு மறுபடி ஏணிக்குப் போனார். நடைப்பயிற்சிக்காரர்கள் நடப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“கனமா ஒரு ஆளு எறங்கணும். அப்பத்தான் கணக்கு சரியா வரும்” என்று டிராஃப்ட்ஸ்மேன் சொல்லிவிட்டு, எங்கேயோ பார்த்தார். கனமான ஆள் யார் என்பதில் சந்தேகம் இல்லை. முதலாளி எவ்வளவோ மறுத்தார். கடைசியில், பேன்ட் கிழிந்துவிடும் என்று, அளவு நாடா கொண்டுவந்த துணிக்கடைக் கட்டைப்பையை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பையின் அடிப்பக்கம் எவ்வளவு வழவழப்பு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் “ஒரு நிமிஷம் இரு” என்று சொல்ல ஆரம்பித்தது உச்சியிலிருந்து கேட்டது. “இரு” கீழே மணலுக்கு அப்பாலிருந்து கேட்டது. பிடிக்கப் போன டிராஃப்ட்ஸ்மேனையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டார்.

மணலில் மல்லாந்து கிடந்த முதலாளி எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினோம். அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், வயிறு குலுங்க, சத்தமே வராமல். காவலாளியும் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே, “அந்தாண்ட இன்னொண்ணு கீது சார், அது இத்தவிட கொஞ்சம் ஸ்லோ” என்று வழி காட்டினார். அந்த ஸ்லோவான சரிவைத்தான் அளந்துகொண்டோம்.

வீடு எழும்பியது. சகோதரிகளின் தம்பி வெளிநாட்டிலிருந்து போன் செய்து, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, ஊரு சிரிக்கும்” என்றாராம். “சிரிச்சா வரச் சொல்லு, அவங்களும் எறங்கட்டும்” என்று மூத்தவர் வைத்துவிட்டாராம். படிக்கட்டை ஒட்டியே, ஒரு ஆள் அகலத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு சறுக்குமரம் வந்தது. சிவப்பு மொசைக். மேஸ்திரி எங்களைக் கிறுக்கர்கள் என்றே முடிவு செய்திருந்தார். ஆனால் இழைத்து முடித்த அன்று, யாரும் இல்லையென்று நினைத்து அவர் அதில் இறங்கியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னல்தான் பெரிதாயிற்றே.

வீடு மந்திரிக்கிற அன்று கூட்டமான கூட்டம். பங்குச் சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். சமையலறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். மாடிக்குப் போய்விட்டு இறங்க வந்தவர் சறுக்குமரத்தின் தலைப்பில் நின்றுவிட்டார்.

“இதையும் மந்திரிக்கணுமா?”

“வீட்ல இருக்கறதுதானே ஃபாதர்” என்றார் இளையவர்.

சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். இதற்கென்று எதுவும் இல்லைபோல. பிரயாணிகளுக்கான ஜெபம் ஒன்றைச் சொல்லி, நன்றாகவே தீர்த்தம் தெளித்தார். மூத்தவர் குனிந்து பார்த்தார்.

“ஈரமாக்கிட்டீங்களே ஃபாதர். காயணும்.”

ஒரு துண்டு மேலே போயிற்று. துடைத்தார்கள். கூட்டம் முழுவதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. மூத்தவர் சிந்தெடிக் புடவைதான் கட்டியிருந்தார். முதுகை நேராக வைத்து, கையை மடியில் வைத்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இறங்கி வந்தார். அடியில் எழுந்து நின்றார். கொசுவத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் படிக்கட்டுக்குப் போய் மறுபடி ஏற ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. பாடகர் குழு மொத்தமும் இறங்கியது. டிராஃப்ட்ஸ்மேன் கீழே நின்றுகொண்டு பஸ் கண்டக்டர் மாதிரி, “வா வா, அடுத்தது வரலாம், ரைட்” என்று ஒவ்வொருவராகப் பிடித்து இறக்கிவிட்டார். முதலாளி மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி, “இவர் ஆத்துல சொன்னப்போ நான் நம்பவே இல்ல” என்று என்னிடம் சொன்னார்.

நான் கடைசியாகப் போனேன். உச்சியில் உட்கார்ந்தபோது கால் கூசியது. வரைந்தது நான், சரிவு தெரியும், நீளம் தெரியும், எங்கே நிற்கும் என்று தெரியும். கையை விட்டேன். எதுவும் தெரியாமல் போயிற்று. வயிறு மேலே வந்தது, மூச்சுக்குப் பதில் ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று கீழே வந்த பிறகுதான் தெரிந்தது.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு டிராஃப்ட்ஸ்மேனின் ஸ்கூட்டரில் அடையார் திரும்பினேன். பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றோம். இருவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

“இன்னா நைனா, வூட்ல விசேஷமா?”

“ஆமா நைனா” என்றார் டிராஃப்ட்ஸ்மேன்.

“சந்தோசமா இருங்க” என்றார் அவர். பச்சை விழுந்தது.